பெரிய ஏரியில் ட்ரோலிங்: சால்மன், ட்ரவுட்டுக்கு ஆழமும் வேகமும் பிடிப்பது எப்படி?

நோர்வூட்_ரீல்:
எல்லாருக்கும் வணக்கம். ஜூலைக் கடைசியில் மூன்று கிழமைக்கு டொரன்டோ போகிறேன். அங்கே அண்ணனிடம் 19 அடி அலுமினியப் படகு இருக்கிறது. 90 குதிரைவலு பெரிய எஞ்சின், பக்கத்தில் 9.9 சின்ன எஞ்சின், கையால் சுற்றும் டவுன்ரிகர் (ஈயக்குண்டைக் கம்பியில் தொங்கவிட்டுத் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) இரண்டு, சோனார், ஜி.பி.எஸ். எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஒன்டாரியோ ஏரியில் ட்ரோலிங், அதாவது ஓடும் படகின் பின்னால் தூண்டில் இழுத்து மீன் பிடிக்க, போகலாம் என்கிறார். ஆனால் இரண்டு பேருக்கும் அது புதிது. எனக்குக் கரையில் நின்று வீசத்தான் தெரியும். எந்த ஆழம், எவ்வளவு வேகம், எத்தனை தடி? போகுமுன் இங்கே இலங்கையில் காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ மவுசாகலை நீர்த்தேக்கத்திலோ எதையாவது பழகிப் பார்க்க முடியுமா?

பழைய_தலவாக்கலை:
தம்பி, முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒன்டாரியோ ஏரியின் ஆக ஆழமான இடம் 244 மீற்றர். அவ்வளவு தண்ணீருக்குள் மீன் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு வெப்பநிலையை விட நல்ல துப்புக் கிடையாது. கோடையில் மேல்தண்ணீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டும், அடியில் 4, 5 பாகைதான். நடுவில் சில மீற்றருக்குள் சூடு சடாரென்று இறங்குகிற ஒரு படலம் இருக்கும். சோனாரில் உணர்திறனைக் கொஞ்சம் கூட்டினால் அது புகைக்கோடு மாதிரி நீளமாகத் தெரியும்.

சினூக் சால்மனுக்கு 10 முதல் 13 பாகை, கோஹோ சால்மனுக்கு 12 முதல் 14. அங்கே ஸ்டீல்ஹெட் என்று சொல்கிற ரெயின்போ ட்ரவுட்டுக்கு 13 முதல் 16, பிரவுன் ட்ரவுட்டுக்கு 13 முதல் 17. லேக் ட்ரவுட் 7 முதல் 10 பாகையில், பெரும்பாலும் தரையை ஒட்டி நிற்கும். ஆகவே ஒரே நாளில் மேலே ரெயின்போ, நடுவில் சினூக், அடியில் லேக் ட்ரவுட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எதைப் பிடிக்கப் போகிறீர்கள் என்று கரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தப் படலம் ஒரே ஆழத்தில் கிடக்காது. மேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் மேல் சுடுநீர் தெற்குப் பக்கம் ஒதுங்கி, டொரன்டோ இருக்கிற வடகரையில் குளிர்நீர் மேலே ஏறிவிடும். முந்தாநாள் 70 அடியில் இருந்த 12 பாகை இன்று 25 அடியில் இருக்கலாம். அதனால் நேற்று யாரோ 70 அடியில் பிடித்தார்கள் என்ற செய்தியை நம்பி இறக்க வேண்டாம். ஆகக் குறைந்த வெப்பத்தைப் பதிந்து வைக்கிற நீர்புகாத வெப்பமானி ஒன்றை ஈயக்குண்டோடு கட்டி 40 அடி, 60 அடி, 80 அடி என்று ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒவ்வோர் ஆழத்திலும் 3 நிமிடம் விட்டு மேலே எடுத்துக் குறியுங்கள். கால் மணி நேர வேலை, அன்றைய நாளையே அதுதான் தீர்மானிக்கும்.

கிரகரி_கரை:
சொல் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இங்கே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ட்ரோலிங் என்பது ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்வது. இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடுத்த இழுவை மடி வேறு, அது கடலடியை வாரும் வலை.

காசல்ரீ, மவுசாகலையில் ட்ரவுட் தேட வேண்டாம். ரெயின்போ 20 பாகைக்கு மேல் சோர்ந்துவிடும், 25ஐ நெருங்கினால் செத்துப்போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட மீன் நுவரெலியாப் பக்கத்திலும் ஹோட்டன் சமவெளியிலும் குளிர்ந்த ஓடைகளில்தான் தங்கியது. அந்த இரண்டு நீர்த்தேக்கங்களும் 1,200 மீற்றர் உயரத்தைத் தாண்டாதவை, தண்ணீர் அந்த மீனுக்கு அதிகச் சூடு. ஹோட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் பையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நீர்த்தேக்கங்களில் படகையும் வேகத்தையும் பழகலாம். அதற்குக் கூட அந்தந்த இடத்தில் படகு இறக்க அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கொத்மலை_குண்டு:
டவுன்ரிகரைப் பற்றி நான் சொல்கிறேன். குண்டு 10 இறாத்தலுக்குக் குறையக் கூடாது. 80 அடிக்குக் கீழே போவதென்றால் 12 அல்லது 15. கம்பி 150 இறாத்தல் தாங்கக்கூடியது போதும். தடி எட்டரை அடி, வளைகிற தடி. ரீலில் 20 இறாத்தல் தாங்கும் தங்கூசி (நைலான் தூண்டில் கயிறு).

இறக்கும் முறை: ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) படகின் பக்கத்திலேயே தண்ணீரில் பிடித்து ஆட்டம் சரியா என்று கண்ணால் பாருங்கள். பிறகு 20 அடி பின்னால் விடுங்கள். தங்கூசியைக் குண்டுக்கு மேலே உள்ள கிளிப்பில் மாட்டுங்கள். ரீலை லேசாக விட்டு, கிளிக் சத்தம் கேட்கிற நிலையில் வைத்துக்கொண்டு குண்டை மெதுவாக இறக்குங்கள். மெதுவாக என்றால், கைப்பிடியை விட்டுவிட்டுச் சரசரவென்று ஓடவிடுவது கூடாது. குண்டு ஸ்பூனை விட வேகமாக விழுந்தால் ஸ்பூன் மேலே மிதந்து கம்பியில் சுற்றிக்கொள்ளும். அரை மணி நேரம் மீனே இல்லை என்று நினைத்துக்கொண்டு சிக்கலை இழுத்துத் திரிவீர்கள்.

ஆழம் வந்ததும் தடியை ஹோல்டரில் வைத்து, நுனி தண்ணீரை நோக்கி நன்றாக வளையும் வரை ரீலைச் சுற்றுங்கள். மீன் கிளிப்பை விடுவித்ததும் தடி நிமிர்ந்து தளர்ச்சியை எடுத்துக்கொள்ள அந்த வளைவுதான் வேண்டும். கிளிப் இறுக்கம் அதிகமானால் சின்ன மீன் மாட்டியதே தெரியாமல் இழுபடும். குறைந்தால் ஒவ்வோர் அலைக்கும் கழன்றுவிடும். குண்டு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே தங்கூசியைக் கையால் இழுத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று, டவுன்ரிகரின் கவுண்டர் காட்டுவது வெளியே போன கம்பியின் நீளம். குண்டு நிற்கிற ஆழம் அதை விடக் குறைவு, ஏனென்றால் படகு ஓடும்போது கம்பி பின்னால் சாயும். கம்பி நேராக இருப்பதாக வைத்தால் 100 அடிக்கு, 20 பாகை சாய்வில் 94 அடி, 30 பாகையில் 87, 45 பாகையில் 71. சாய்வு 30ஐத் தாண்டினால் குண்டைப் பெரிதாக்குங்கள். கம்பியை இன்னும் விட்டுக்கொண்டே போவதில் பயன் குறைவு.

கிளட்ச் முக்கியம். குண்டு அடியில் எதிலாவது மாட்டினால் கம்பி சறுக்கி வெளியே போக வேண்டும். முழுக்க இறுக்கி வைத்தால் சின்னப் படகின் பின்பக்கத்தை அலைக்குள் இழுத்துவிடும். கம்பி வெட்டும் குறடு ஒன்று கையெட்டும் இடத்தில் கட்டித் தொங்கட்டும்.

நோர்வூட்_ரீல்:
மிக்க நன்றி அண்ணே. வேகம்? அண்ணன் ஜி.பி.எஸ்.ஸில் மணிக்கு 4 கிலோமீற்றர் வைத்தால் சரி என்கிறார்.

பழைய_தலவாக்கலை:
தொடங்க நல்ல எண். ஸ்பூனுக்குச் சினூக் என்றால் 3.5 முதல் 4.5. ரெயின்போவுக்கு 4 முதல் 5.5 வரை கூடப் போகலாம். லேக் ட்ரவுட்டுக்கு 1.6 முதல் 3.2. ஆனால் ஜி.பி.எஸ். படகு தரைக்கு மேலே போகிற வேகத்தைத்தான் சொல்கிறது. 70 அடியில் ஒரு நீரோட்டம் எதிர்ப்பக்கமாக ஓடினால் லூருக்கு (போலி இரைக்கு) கிடைக்கிற வேகம் வேறு. மேற்கே போகும்போது 4இல் மாட்டிய மீன், திரும்பிக் கிழக்கே வரும்போது அதே 4இல் மாட்டாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மீன் எங்கும் போய்விடவில்லை.

குண்டுக்குப் பக்கத்தில் வேகமும் வெப்பமும் அளந்து மேலே அனுப்பும் கருவி இருக்கிறது, விலை அதிகம். அது இல்லாமல் கம்பியின் சாய்வைப் பாருங்கள். மேற்கே போகும்போது மீன் கடித்த வேளையில் சாய்வு எவ்வளவு இருந்தது என்று மனதில் வைத்து, திரும்பி வரும்போது எஞ்சினை அதே சாய்வு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். எண் 3.4 என்று காட்டினாலும் 4.6 என்று காட்டினாலும் கவலைப்பட வேண்டாம்.

நேர்கோட்டிலேயே ஓட்டாதீர்கள். பாம்பு ஊர்வது மாதிரி அகலமாக வளைந்து வளைந்து போங்கள். வளைவின் உள்பக்கத் தடி வேகம் குறைந்து கீழே இறங்கும், வெளிப்பக்கத் தடி வேகம் கூடி மேலே ஏறும். உள்தடியில் கடித்தால் மீன் மெதுவாகவோ ஆழமாகவோ கேட்கிறது. வெளித்தடியில் கடித்தால் எதிர். இரண்டு மூன்று கடி ஒரே பக்கம் வந்த பிறகு மாற்றுங்கள், ஒரு கடியை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மஸ்கெலியா_மூடுபனி:
இங்கே பழகுவதற்கு வழி இருக்கிறது. ஜி.பி.எஸ். கூட வேண்டாம். இரண்டு வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலை 50 மீற்றர் கயிற்றின் இரண்டு முனையில் கட்டி, ஒவ்வொன்றுக்கும் கல் போட்டு நிறுத்துங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக 45 விநாடி எடுத்தால் வேகம் மணிக்கு 4 கிலோமீற்றர். 56 விநாடி என்றால் 3.2. 37 அல்லது 38 விநாடி என்றால் 4.8. காற்றோடு ஒரு தடவை, காற்றுக்கு எதிரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால்தான் எஞ்சினின் கைப்பிடி எங்கே நிற்க வேண்டும் என்று கைக்கே தெரியும். அந்த வேகத்தில் கொண்டு போகப்போகிற ஒவ்வொரு ஸ்பூனையும் படகின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில ஸ்பூன் 3.2இல் சோம்பலாக ஆடும், 4.5இல் சுழலத் தொடங்கும். சுழல்வதை ஒதுக்கி வையுங்கள், தங்கூசியை முறுக்கிவிடும்.

மும்முள்ளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். மவுசாகலையில் பழைய மஸ்கெலியா ஊரே அடியில் கிடக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது வெளியே தெரிகிற பழைய கோயில் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். மரக்கட்டைகளும் இருக்கும். ஈயக்குண்டை அங்கே இறக்கினால் திரும்பி வராது. வேகம், வளைவு, தங்கூசி அளவு மூன்றையும் மேல் 10 அடிக்குள் பழகினால் போதும்.

கொத்மலை_குண்டு:
தங்கூசி அளவு என்றதும் சொல்ல வேண்டியது: லைன் கவுண்டர் ரீல் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. ஸ்பூல் விளிம்பு வரை நிறைந்திருந்தால்தான் எண் சரி. பாதி நிறைந்த ஸ்பூலில் 100 என்று காட்டும்போது உண்மையில் அதை விடக் குறைவாகத்தான் வெளியே போயிருக்கும். மைதானத்தில் 100 அடியை அளந்து, இழுத்துப் பார்த்து, ரீலில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இப்போது டைவர். டிப்சி என்று சொல்கிற வட்டத் தட்டு, கயிற்றில் மாட்டினால் தூண்டிலைக் கீழேயும் பக்கவாட்டிலும் இழுத்துப் போகும். அடித்தட்டில் 0 முதல் 3 வரை எண். 0 நேரே கீழே போகும், 3 ஆகத் தூரம் பக்கவாட்டில் ஓடும், ஆழம் குறையும். இடப்பக்கம், வலப்பக்கம் மாற்றித் திருப்பினால் படகின் அடியிலேயே வந்து டவுன்ரிகர் கம்பியில் சுற்றும், அதனால் தண்ணீரில் போடுமுன் இரண்டு தடவை பாருங்கள். தங்கூசியை விட 30 இறாத்தல் பின்னல் கயிறு நல்லது, நீளாது, மெல்லியது, அதனால் ஆழமும் கூடும். ஆனால் நீளாத கயிற்றில் சினூக் அடித்தால் ஏதாவது ஒன்று அறும். டைவருக்குப் பின்னால் ரப்பர் ஸ்னபர் (அடியைத் தாங்க நீளும் ரப்பர் துண்டு) ஒன்று மாட்டுங்கள், ரீலின் இழுவையை (கயிறு வெளியே போவதைத் தடுக்கும் இறுக்கம்) அரைவாசியாக்குங்கள். விடுவிக்கும் திருகாணி ஓட்டத்தில் தானாகக் கழலாத அளவு இறுக்கம், தடியை வெடுக்கென்று இழுத்தால் கழல்கிற அளவு தளர்வு.

ஈயக்கரு நூலும் (நடுவில் ஈயம் வைத்துப் பின்னிய, தானாக மூழ்கும் கயிறு) ஒன்று வைத்துக்கொள்ளலாம். 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும், அதாவது நிறத்துக்கு 30 அடி. மணிக்கு 3.2 முதல் 4 கிலோமீற்றரில் ஒரு நிறம் சுமார் 5 அடி இறங்கும். 5 நிறம் விட்டால் 25 அடிக்கு அருகே. வேகத்தைக் குறைத்தால் இன்னும் இறங்கும். காலை வெளிச்சம் வருமுன் மேலே வரும் மீனுக்கு இது நல்லது.

மஸ்கெலியா_மூடுபனி:
அப்படியென்றால் இரண்டு டவுன்ரிகர், இரண்டு டைவர், இரண்டு ஈயக்கரு. ஆறு தடி போடலாம் அல்லவா? அகலம் கூடினால் மீன் பார்க்கும் வாய்ப்பும் கூடும்.

பழைய_தலவாக்கலை:
இதில் எனக்கு உடன்பாடில்லை. பழகிய நான்கு பேருக்கு ஆறு சரி. இரண்டு புதியவர்கள், ஒருவர் எஞ்சினில், ஒருவர் தடியில். சினூக் ஒன்று 7, 8 கிலோ இருக்கும், 100 மீற்றர் கயிற்றை ஒரே ஓட்டத்தில் எடுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் மற்ற ஐந்து தடியையும் யார் எடுப்பது? முதல் வாரம் மூன்று, கைவந்தால் நான்கு. ஓர் ஆளுக்கு எத்தனை தடி என்பதை அந்த ஆண்டின் ஒன்டாரியோ விதிச் சுருக்கத்தில் பாருங்கள். வெளிநாட்டவர் அனுமதி அட்டை எடுக்காமல் தடியைத் தொடவே வேண்டாம்.

மஸ்கெலியா_மூடுபனி:
சரி, ஏற்றுக்கொள்கிறேன். சிக்கெடுக்கும் நேரம் மீன் பிடிக்கும் நேரத்தைத் தின்னும் என்பது உண்மைதான்.

கிரகரி_கரை:
ஃப்ளாஷர் (சுழன்று மின்னி மீனைக் கவரும் தட்டு), ஈ (பூச்சி மாதிரிக் கட்டிய போலி இரை) பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜூலை, ஆகஸ்டில் சினூக்குக்கு ஸ்பூனோடு அதுவும் வேண்டும். 8 அங்குல ஃப்ளாஷரின் பின்னால் நாரால் கட்டிய ஈ. நடுவில் லீடர் (இரண்டையும் இணைக்கும் குறுங்கயிறு) 20 முதல் 28 அங்குலம், 50 இறாத்தல் ஃப்ளூரோகார்பன் கயிறு. தடிப்பு ஏன் என்றால், ஈக்குச் சொந்த ஆட்டம் கிடையாது. ஃப்ளாஷர் சுழன்று வீசுகிற வீச்சு லீடர் வழியாக ஈக்குப் போக வேண்டும். மெல்லிய லீடர் அந்த வீச்சைக் குடித்துவிடும். லீடரை 40 அங்குலம் ஆக்கினால் ஈ செத்த நூல் மாதிரி பின்னால் வரும். மீன் தொட்டுத் தொட்டுவிட்டுப் போனால் லீடரை இரண்டிரண்டு அங்குலமாகக் குறைத்துப் பாருங்கள். டவுன்ரிகரில் ஃப்ளாஷரைக் குண்டுக்கு 10 முதல் 20 அடி பின்னால் விடுங்கள். வேகம் 3.2 முதல் 4.

பால் பேரிங் உள்ள நல்ல ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போடாவிட்டால் ஒரு காலையிலேயே தங்கூசி முறுக்கேறிக் கெட்டுவிடும். இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

பழைய_தலவாக்கலை:
அங்கே போய்த் திகைக்காமல் இருக்க ஒன்று. 1998இலிருந்து ஒன்டாரியோ ஏரியில் கொக்கிவால் நீர்ப்பூச்சி ஒன்று பரவியிருக்கிறது. கோடையில் தங்கூசியில் ஈரப் பஞ்சு மாதிரி அப்பிக்கொள்ளும். ரீலைச் சுற்றும்போது தடியின் நுனி வளையத்தை அடைத்துவிடும், மீன் படகுக்கு 10 அடி தூரத்தில் இருக்கும்போது கயிறு உள்ளே வராது. மெல்லிய கயிற்றில்தான் அதிகம் ஒட்டும். அந்த மாதங்களில் 30 இறாத்தல் தங்கூசிக்கு மாறுங்கள். ஒருவர் சுற்றும்போது மற்றவர் தடியின் முதல் வளையத்துக்கு முன்னால் கயிற்றை விரலால் தட்டி உதிர்க்கட்டும்.

மீன் மாட்டியதும் படகை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மற்றத் தூண்டில்கள் மூழ்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், மீனின் வாயிலுள்ள முள்ளும் தளரும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து நேரே போங்கள். மீன் இருக்கிற பக்கத்து டவுன்ரிகரை உடனே மேலே எடுங்கள். இழுவை தங்கூசியின் தாங்குதிறனில் கால் பங்கு, 20 இறாத்தலுக்கு 5. கடைசி 30 அடியில்தான் பெரும்பாலான மீன் போகிறது. அங்கே கட்டாயப்படுத்தி இழுக்க வேண்டாம். அத்தாங்கைத் தண்ணீரில் முன்கூட்டியே வைத்து, மீனின் தலையை அதற்குள் கொண்டுவாருங்கள். வால் பக்கமிருந்து அள்ளப் போனால் வலையைத் தொட்டதும் பாய்ந்துவிடும், லூரின் மும்முள் வலையில் மாட்டிக்கொள்ளும்.

பிடித்ததைச் சாப்பிடுவதானால் ஒன்டாரியோ அரசின் மீன் உண்ணல் வழிகாட்டியில் அந்த இனம், அந்த நீளத்துக்கு மாதம் எத்தனை வேளை என்று பாருங்கள். பெரிய மீனில் நச்சுச் சேர்மானம் அதிகம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு இன்னும் குறைவு.

உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டே இருங்கள், மேலே 20 பாகை என்று நினைத்துக் கழற்றாதீர்கள். குளிர்நீர் மேலே ஏறிய நாளில் அதே இடம் 8 பாகையாக இருக்கும். விழுந்தவுடன் மூச்சு வாரி இழுக்கும், நீந்தத் தெரிந்தவருக்கும் கை வேலை செய்யாது.

நோர்வூட்_ரீல்:
நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். விடியுமுன் இறங்கி வெப்பமானி. 12 பாகை 60 அடியில் என்று வைத்தால், வலப்பக்க டவுன்ரிகர் 60 அடியில் 8 அங்குல ஃப்ளாஷரும் ஈயும், குண்டுக்கு 15 அடி பின்னால். இடப்பக்க டவுன்ரிகர் 60 அடியிலேயே ஸ்பூன், 15 அடி பின்னால். ஒரு டைவர் எண் 3இல், பின்னல் கயிறு, ஸ்னபர், 9 அடி லீடர், ஸ்பூன். வேகம் 3.8இல் தொடங்கி வளைந்து வளைந்து. டைவருக்கு எட்டரை அடித் தடிதான் இருக்கிறது.

கொத்மலை_குண்டு:
இரண்டு இடத்தில் மாற்றுங்கள். இரண்டு குண்டையும் ஒரே ஆழத்தில், ஒரே பின்தூரத்தில் வைத்தால் முதல் வளைவிலேயே ஃப்ளாஷர் ஸ்பூனைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ளாஷர் 65இல் இருக்கட்டும். ஸ்பூன் 50இல், 30 அடி பின்னால். அப்போது படலத்தின் மேலும் கீழும் ஒரே நேரத்தில் தேடுகிறீர்கள்.

மற்றது லீடர். டைவர் தடியின் நுனி வளையத்தைத் தாண்டி உள்ளே வராது. எட்டரை அடித் தடிக்கு 9 அடி லீடர் போட்டு அதற்கு மேல் ஸ்னபரும் சேர்த்தால், டைவர் நுனியில் இடித்து நிற்கும்போது மீன் இன்னும் அத்தாங்குக்கு எட்டாத தூரத்தில் கிடக்கும். ஸ்னபரோடு சேர்த்து 6 அடிக்கு வெட்டுங்கள்.

நோர்வூட்_ரீல்:
வெட்டிவிடுகிறேன் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை காசல்ரீயில் அனுமதி கேட்டு 50 மீற்றர் கயிறும் போத்தலுமாக இறங்குகிறேன்.